பக்கத்து வீட்டு ஏலியன்: ரகசியப் படையெடுப்புத் தொடர்கள் எப்படி இயங்குகின்றன?

ஏலியன் வருகிற தொடர் எதுவானாலும் அதை ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறோம். நகரத்துக்கு மேலே விண்கலம் வந்து நின்று குண்டு பொழிவதும் அந்தக் கணக்குதான். எதிர் மேசையில் உட்கார்ந்து டீ குடிக்கிறவர் மனிதரே இல்லை என்பதும் அந்தக் கணக்குதான். தில்லி மயூர் விஹாரில் எங்கள் தமிழ் நண்பர்கள் வட்டத்தில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். வந்தால் இரண்டு குரல்கள் கட்டாயம் கேட்கும். "அதெல்லாம் அமெரிக்காக்காரனோட கம்யூனிஸ்ட் பயம் சார், வேற ஒண்ணும் இல்ல" என்பது ஒன்று. "உண்மையாவே நடக்குது, அரசாங்கம் மறைக்குது" என்பது இன்னொன்று. முதல் குரல் இந்தக் கதைகளை ரொம்பச் சிறிதாக்கிவிடுகிறது. இரண்டாவது குரல் கதையைச் செய்தியாக எடுத்துக்கொள்கிறது. இரண்டுமே தவறு என்பது என் கட்சி.

இந்த வகைத் தொடர் ஒன்றைக்கூடப் பார்க்காதவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். ஏலியன் மேல் ஆர்வம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்தக் கதைகளில் ஏலியனைவிட ஆதாரம்தான் முக்கியமான பாத்திரம்.

## கேட்டை உடைப்பவனும் சாவி வைத்திருப்பவனும்

தில்லியில் ஓர் அடுக்குமாடி சொசைட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டில் காவலுக்குக் கார்டு, பதிவேடு, கேமரா எல்லாம் உண்டு. நள்ளிரவில் பத்துப் பேர் கேட்டை உடைத்துக்கொண்டு வந்தால் கார்டு விசில் அடிப்பார், எல்லா வீட்டிலும் விளக்கு எரியும், போலீஸ் வரும். பயம் இருக்கும், குழப்பம் இருக்காது. எதிரி யார், நம்மவர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். இது திறந்த படையெடுப்பு.

இப்போது வேறு மாதிரி. மூன்றாவது மாடியில் ஒரு குடும்பம் நாலு வருடமாக இருக்கிறது. பராமரிப்புக் கட்டணம் முதல் தேதியே கட்டிவிடுவார்கள். அவர்தான் சொசைட்டி கமிட்டியின் செயலாளர். கேமராப் பதிவுகள் அவரிடம் இருக்கின்றன. கார்டை வேலைக்கு வைப்பதும் நீக்குவதும் அவர் கையில். அவர்தான் வெளியாள் என்பது ஓர் இரவில் உங்களுக்கு மட்டும் தெரிந்துவிடுகிறது. யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? புகாரை வாங்கி வைத்துக்கொள்கிற ஆளே அவர்தானே.

இதுதான் ரகசியப் படையெடுப்பு. எதிரி நம்மில் ஒருவரைப் போல அமைப்புகளுக்குள் நுழைந்து உட்கார்ந்துவிடுவதை ஊடுருவல் என்போம். ஊடுருவல் கதையில் படையும் ஆயுதமும் பின்னால்தான் வரும். தெரிந்தவன் ஒருவன், நம்ப வேண்டியவர்கள் ஆயிரம் பேர், கையில் காட்ட ஒன்றும் இல்லை: கதை நிற்பது இந்த இடைவெளியில்தான்.

## ராத்திரி வழி தவறிய ஒரு கட்டடக்கலைஞர்

இந்த வகையின் சுத்தமான மாதிரி 'தி இன்வேடர்ஸ்'. அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 1967 ஜனவரி 10 அன்று தொடங்கி 1968 மார்ச் 26 வரை, 2 பருவங்களாக 43 அத்தியாயங்கள் வந்தன. உருவாக்கியவர் லாரி கோஹன். நாயகன் டேவிட் வின்சென்ட் ஒரு கட்டடக்கலைஞர்; நடித்தவர் ராய் தின்னஸ்.

முதல் அத்தியாயத்தின் தொடக்கத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நீண்ட நேரம் கார் ஓட்டிய களைப்பு. குறுக்குவழி தேடி வழி தவறி, மூடிக் கிடக்கும் ஒரு சாலையோரச் சாப்பாட்டுக் கடை முன்னால் நிறுத்துகிறார். அங்கே ஒரு விண்கலம் இறங்குவதைக் கண்ணால் பார்க்கிறார். போலீசை அழைத்துக்கொண்டு திரும்பி வந்தால், கடையின் பெயர்ப்பலகையில் அவர் இரவில் படித்த பெயர் இல்லை, வேறு பெயர் இருக்கிறது. பக்கத்தில் முகாமிட்டிருந்த இளம் தம்பதி, ராத்திரி முழுக்க இங்கேதான் இருந்தோம், எதையும் பார்க்கவில்லை என்கிறார்கள்.

பெயர்ப்பலகை மாறியது எவ்வளவு சின்ன விஷயம்! சாட்சி சொல்பவனை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அவன் சொன்ன ஒரு விவரம் பிசகியது, அவ்வளவுதான். இனி அவன் தூக்கக் கலக்கத்தில் உளறிய ஆள். விண்கலத்தை ஒரு தடவைதான் காட்டினார்கள். மீதி வேலையைப் பெயர்ப்பலகை செய்துவிட்டது. இந்தக் காட்சி புரிந்தால் இந்த வகைக் கதையில் பாதி புரிந்த மாதிரி.

## மூன்று பாகங்கள்

முதலாவது, அடையாளக் குறி. வேடமிட்ட எதிரியைக் காட்டிக்கொடுக்கும் சிறு பிசகுக்கு இந்தப் பெயர். 'தி இன்வேடர்ஸ்' தொடரில் சில ஏலியன்களுக்குச் சுண்டுவிரல் மடங்காமல் விறைத்து நிற்கும். நாடித்துடிப்பு இருக்காது. பெரும்பாலானவர்களிடம் உணர்ச்சியும் இருக்காது. குறி எப்போதும் மிகச் சிறிதாகத்தான் இருக்க வேண்டும். பெரிய குறி என்றால் எல்லாரும் பார்த்துவிடுவார்கள், கதை முடிந்துவிடும்.

இரண்டாவது, ஆதார அழிவு. இந்த ஏலியன்கள் செத்தால் உடல் சிவந்து ஒளிர்ந்து எரிந்து மறைந்துவிடும். அவர்கள் மனிதரைக் கொல்லும் விதமும் அப்படியே. சிறு வட்டக் கருவி ஒன்றைப் பிடரியில் வைப்பார்கள். பிரேதப் பரிசோதனையில் மூளை இரத்தக் கசிவு என்றுதான் வரும். அவர்கள் பக்கத்து உடலும் கிடைக்காது, நம் பக்கத்து உடலிலிருந்தும் ஒன்றும் தெரியாது.

மூன்றாவது, தனிச் சாட்சி. பார்த்தவர் ஒருவராக இருக்க வேண்டும், அவருக்கு அதிகாரம் இருக்கக் கூடாது. அவர் தளபதியாக இருந்தால் அன்றைக்கே ஆணை போட்டுவிடுவார். டேவிட் வின்சென்ட் ஊர் ஊராக அலைகிறார். இரண்டாம் பருவத்தில் அவரை நம்பும் சிறு குழு ஒன்று சேர்கிறது. அப்போதும் உலகம் நம்பவில்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: எதிரி உள்ளே இருக்கிறான், அவனைக் காட்டிக்கொடுக்க ஒரு சிறு குறி உண்டு, அதைப் பிடித்துக் காட்டப் போகும்போதெல்லாம் ஆதாரம் அழிகிறது, சொல்கிறவனுக்கோ மதிப்பு இல்லை.

## ஏன் ஆதாரம் வாராவாரம் அழிகிறது?

"எத்தனை தடவைதான் எரிஞ்சு போகும்?" என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. இதற்கு விடை கதையில் பாதி, தொலைக்காட்சித் தொழிலில் பாதி.

'தி இன்வேடர்ஸ்' தொடரின் தயாரிப்பாளர் க்வின் மார்ட்டின். அவரே தயாரித்து 1963 முதல் 1967 வரை ஓடிய 'தி ஃபியூஜிடிவ்' தொடரில், செய்யாத கொலைக்குத் தண்டனை பெற்ற ஒரு மருத்துவர் தப்பியோடி, வாரம் ஓர் ஊரில் ஒளிந்து, உண்மைக் குற்றவாளியான ஒற்றைக் கைக்காரனைத் தேடுவார். அதே சட்டகம்தான் இங்கும். இதைத் தனி அத்தியாய முறை என்கிறோம்: எந்த வாரம் வந்து உட்கார்ந்தாலும் கதை புரிய வேண்டும். அதற்கு, ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் உலகம் தொடங்கிய இடத்துக்கே திரும்பியாக வேண்டும். ஒரே ஒரு ஏலியன் உடல் பரிசோதனைக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தாலும் அடுத்த வாரம் தொடருக்குப் பொருளே இல்லை. செலவும் ஒரு காரணம். ஏலியன்கள் மனிதரைப் போலவே இருந்தால் முகமூடி வேண்டாம், விசித்திர உடை வேண்டாம். கோட் போட்ட நடிகரும் விறைத்த சுண்டுவிரலும் போதும்.

தொழிலின் நெருக்கடி கதையின் பயமாக மாறியதுதான் இங்கே அழகு. பார்வையாளருக்கும் அந்த இயலாமை பழகிப்போகிறது. இந்த வாரமும் நிரூபிக்க முடியாது என்று தெரிந்தே பார்க்கிறோம், நெஞ்சு பதைக்கிறது.

1993 செப்டம்பர் 10 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' இதையே வேறு விதமாகச் செய்தது. கிறிஸ் கார்ட்டர் உருவாக்கிய அந்தத் தொடரில் பெரும்பாலான வாரங்கள் தனிக் கதைகள். நடுநடுவே மட்டும் ஏலியன் சதிக்கதை கொஞ்சம் கொஞ்சமாக நகரும். பல வாரங்களைத் தாண்டி ஓடும் அந்தக் கதைக்குத் தொடர் இழை என்று பெயர் வைத்துக்கொள்வோம். முதல் அத்தியாயத்திலேயே, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அதிகாரிகள் மல்டரும் ஸ்கல்லியும் சேர்த்த எக்ஸ்ரே, புகைப்படங்கள் எல்லாம் விடுதி அறைத் தீயில் போய்விடுகின்றன. தப்பியது ஸ்கல்லி பத்திரப்படுத்திய ஒரு சிறு உலோகத் துண்டு. கடைசிக் காட்சியில் சிகரெட் பிடிக்கும் ஒரு மனிதர் அதை அமெரிக்கப் பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனின் பிரம்மாண்டமான சேமிப்பறையில், அதே மாதிரித் துண்டுகள் கிடக்கும் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போகிறார். டேவிட் வின்சென்டின் ஆதாரம் எரிந்தது. இங்கே பத்திரமாக இருக்கிறது, ஆனால் தவறான கையில்.

## மறைப்பது யார், யாரிடமிருந்து?

ஒரு தொடரைப் பார்க்கத் தொடங்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்டால் போதும், எந்த வகை என்று தெரிந்துவிடும். 'தி இன்வேடர்ஸ்' தொடரில் மறைப்பவர்கள் ஏலியன்கள். அரசுக்கும் தெரியாது, மக்களுக்கும் தெரியாது. 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரில் அதிகாரம் படைத்த சில மனிதர்கள் ஏலியன்களோடு கூட்டு.

1983 மே 1, 2 தேதிகளில் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் வந்த 'வி' இன்னொரு திருப்பம். கென்னத் ஜான்சன் உருவாக்கிய அந்தக் குறுந்தொடரில் விண்கலங்கள் பட்டப்பகலில் உலக நகரங்களுக்கு மேல் வந்து நிற்கின்றன. வந்தவர்கள் சிரித்த முகத்தோடு உதவி கேட்கிறார்கள். ஆள் வந்தது ரகசியம் இல்லை, நோக்கம்தான் ரகசியம்: மனிதத் தோலுக்கு அடியில் ஊர்வன உருவம், தேவை பூமியின் தண்ணீரும் மனித மாமிசமும். ஒரு பத்திரிகையாளர் அதைப் படம்பிடித்துத் தொலைக்காட்சி நிலையம்வரை கொண்டுவந்துவிடுகிறார். ஒளிபரப்பாகும் நேரத்தில் அலைவரிசை முழுவதும் வந்தவர்கள் கைக்குப் போய்விடுகிறது.

எனக்கு மிகவும் நெருக்கமானது நான்காவது வகை. இங்கே அதிகம் பேசப்படாத பிரிட்டிஷ் தொடர் 'யூ.எஃப்.ஓ.', 1970-இல் தொடங்கி 26 அத்தியாயங்கள் வந்தது. கெர்ரி ஆண்டர்சனும் சில்வியா ஆண்டர்சனும் உருவாக்கியது. இதில் ஏலியன்கள் வருவது அரசுகளுக்குத் தெரியும். மக்கள் பீதியடையக் கூடாது என்று அரசுகளே மறைக்கின்றன. ஷேடோ என்கிற பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் ஒரு சினிமா ஸ்டூடியோவுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. விசித்திர வண்டிகள் வந்துபோனாலும் ஸ்டூடியோ வாசலில் யார் கேட்கப் போகிறார்கள்? தளபதி ஸ்ட்ரேக்கர் வெளியுலகுக்கு ஒரு ஸ்டூடியோ அதிபர்.

அவருடைய மண வாழ்க்கை இந்த ரகசியத்தாலேயே முறிகிறது. ஓர் அத்தியாயத்தில் விபத்தில் சிக்கிய மகனுக்கு மருந்து கொண்டுவரும் ஷேடோ விமானம், ஏலியன் கலம் ஒன்றைத் தேட வழியில் திருப்பிவிடப்படுகிறது. மருந்து நேரத்துக்கு வரவில்லை. மகன் இறந்துவிடுகிறான். ஏன் வரவில்லை என்று பிள்ளையின் தாயிடம் அவரால் சொல்ல முடியாது. ரகசியம் காப்பதற்கு என்ன விலை என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன வேறொரு தொடரை நான் பார்த்ததில்லை.

## முகம் அதேதான், ஆள் வேறு

சரி, இந்தக் கதைகள் ஏன் இவ்வளவு ஆழமாகப் பயமுறுத்துகின்றன? பத்துத் தலை அரக்கனைவிட, அம்மாவின் முகத்தில் இருக்கும் அந்நியர் ஏன் கொடூரமாகத் தோன்றுகிறார்? மூளை ஆராய்ச்சியில் இதற்கு ஒரு தடயம் இருக்கிறது.

1923-இல் பிரெஞ்சு மனநல மருத்துவர் ஜோசப் காப்க்ரா ஒரு விசித்திர நிலையை விவரித்தார். நோயாளி தன் நெருங்கிய உறவினரைப் பார்த்து, 'இவர் பார்க்க அவரைப் போலவே இருக்கிறார், ஆனால் அவர் இல்லை, யாரோ வேடமிட்டு வந்திருக்கிறார்' என்று உறுதியாக நம்புவார். இதைக் காப்க்ரா மாயநம்பிக்கை என்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன், வில்லியம் ஹிர்ஸ்டீனோடு சேர்ந்து 1997-இல் இப்படிப்பட்ட ஒருவரைப் பற்றி எழுதினார். வாகன விபத்தில் தலையில் அடிபட்டவர் அவர். பெற்றோரை நேரில் பார்த்தால் போலிகள் என்பார். அதே பெற்றோர் போனில் பேசினால் எந்தச் சந்தேகமும் இல்லாமல் பேசுவார்.

ராமச்சந்திரன் தந்த விளக்கம் எளிமையானது. ஒரு முகத்தைப் பார்த்தால் மூளையில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. 'இது இன்னார்' என்று அடையாளம் தெரிகிறது. கூடவே அந்த ஆளுக்குரிய பாசமோ பரிச்சயமோ எழுகிறது. பாசம் எழும்போது தோலில் மிக நுண்ணிய வியர்வை சுரக்கும், அதைக் கருவியால் அளக்கலாம். இந்த நோயாளிக்குத் தெரிந்த முகத்தைக் காட்டினாலும் தெரியாத முகத்தைக் காட்டினாலும் அளவு ஒரே மாதிரி இருந்தது. கண்ணிலிருந்து உணர்ச்சிக்குப் போகும் பாதை அறுந்திருக்கிறது. முகம் தெரிகிறது, நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. அந்த முரணுக்கு மூளை தானே ஒரு கதை கட்டிக்கொள்கிறது: இது வேறு ஆள். காதிலிருந்து போகும் பாதை கெடவில்லை, அதனால் போனில் சிக்கல் இல்லை.

ஊடுருவல் தொடர்களில் குறி பெரும்பாலும் 'உணர்ச்சி இல்லாத முகம்' என்று இருப்பதை இதோடு வைத்துப் பாருங்கள். கதாசிரியர்கள் நரம்பியல் படித்துவிட்டு எழுதவில்லை. மனிதரை மனிதராக நாம் அறிவது கண்ணால் மட்டும் இல்லை என்பதை உள்ளுணர்வால் தொட்டிருக்கிறார்கள்.

## வெறும் கம்யூனிஸ்ட் பயம்தானா?

1950-களின் அமெரிக்காவில் 'உன் பக்கத்து வீட்டுக்காரன் கம்யூனிஸ்டாக இருக்கலாம்' என்ற வேட்டை நடந்தது உண்மை. அந்தக் காலத்து ஏலியன் கதைகளில் அதன் சாயல் உண்டு. ஆனால் கணக்கு அதோடு முடிவதில்லை. 1955-இல் பி.பி.சி.யில் 6 பகுதிகளாக வந்த 'குவாட்டர்மாஸ் 2' பிரிட்டனின் கதை. அதில் ஏலியன்கள் ஒளிந்திருப்பது, செயற்கை உணவு தயாரிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் அரசு ஆலையில். சுற்றிலும் ஆயுதக் காவல், கேள்வி கேட்டால் 'ரகசியம்' என்ற பதில். அங்கே சந்தேகம் சொந்த அரசின் பூட்டிய கதவுமேல்தான். 'வி' தொடரோ பாசிசம் பற்றியது என்று எவரும் சொல்லாமலே புரியும். வந்தவர்கள் முதலில் விஞ்ஞானிகளைச் சதிகாரர்கள் என்று அறிவிக்கிறார்கள், பதிவு செய்துகொள்ளச் சொல்கிறார்கள், பிறகு அக்கம்பக்கத்தாரே காட்டிக்கொடுக்கிறார்கள்.

சட்டகம் ஒன்றுதான், அந்தந்த ஊர், அந்தந்தக் காலம் தன் பயத்தை அதில் நிரப்பிக்கொள்கிறது.

## 2001 மே, தில்லி

இனி இரண்டாவது குரலுக்கு வருவோம். அதற்கு ஒரு சொல் வேண்டும். எப்படிப்பட்ட ஆதாரம் வந்தால் 'நான் சொன்னது தவறு' என்று ஒப்புக்கொள்வேன் என முன்கூட்டியே சொல்லக்கூடிய கூற்றை, பொய்ப்பிக்கத்தக்க கூற்று என்கிறோம். அறிவியல் கூற்றுக்கு இது அவசியம் என்று 1934-இல் எழுதியவர் தத்துவவாதி கார்ல் பாப்பர். 'இவருக்கு நாடித்துடிப்பு இல்லை' என்பது பொய்ப்பிக்கத்தக்கது. கையைப் பிடித்துப் பார்த்தால் தீர்ந்தது. 'ஆதாரமே கிடைக்கவில்லையா, பார், எவ்வளவு நன்றாக மறைக்கிறார்கள்!' என்பது எந்தச் சோதனைக்கும் பிடிபடாது.

இந்த இரண்டாவது வகைப் பேச்சு ஓர் ஊரை என்ன செய்யும் என்பதைத் தில்லி 2001 மே மாதத்தில் பார்த்தது. கடும் வெயில், மின்வெட்டு, ஜனங்கள் மொட்டை மாடியில் தூங்கும் காலம். காசியாபாத் பக்கமும் கிழக்குத் தில்லியிலும் இருட்டில் ஏதோ வந்து பிறாண்டிவிட்டுப் போகிறது என்ற பேச்சு கிளம்பியது. 'காலா பந்தர்', அதாவது கருங்குரங்கு என்றார்கள், 'குரங்கு மனிதன்' என்றார்கள். போலீசுக்கு நூற்றுக்கணக்கான அழைப்புகள் வந்தன. உருவப்படம் வெளியிட்டார்கள், பரிசு அறிவித்தார்கள். உருவமோ ஆளுக்கு ஆள் மாறியது: கறுப்பு முடி, இரும்பு நகம், ஹெல்மெட், சிவந்து எரியும் கண், நெஞ்சில் பொத்தான்கள். பிடிபடாமல் போனது சந்தேகத்தைக் குறைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அதற்குப் புதிய சக்தி சேர்ந்தது. அப்படி ஒரு பிராணி கடைசிவரை கிடைக்கவில்லை. பதறி ஓடி மாடியிலிருந்து விழுந்து செத்தவர்கள் உண்டு. 'இவன்தான் அந்தக் குரங்கு மனிதன்' என்று கூட்டத்திடம் அடிபட்டவர்களும் உண்டு.

தொடருக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது, அதைத்தான் எல்லாரும் தவறவிடுகிறோம். 'தி இன்வேடர்ஸ்' பார்க்கும்போது ஏலியன் உடல் எரிந்து மறைவதை நாம் நம் கண்ணால் பார்க்கிறோம். ஊர் நம்பாவிட்டாலும் பார்வையாளருக்குச் சாட்சி காட்டப்பட்டுவிட்டது. டேவிட் வின்சென்டின் சந்தேகம் நமக்கு நியாயமாகப் படுவது அதனால்தான். அந்த ஒரு காட்சியை வெட்டிவிடுங்கள். மிஞ்சுவது அந்நியர்களின் சுண்டுவிரலைப் பார்த்து, 'நீ மனிதனில்லை' என்று துரத்துகிற ஒரு ஆள். வாழ்க்கையில் அந்தக் காட்சியை நமக்கு யாரும் போட்டுக் காட்டுவதில்லை. தில்லி வெளியூர்க்காரர்கள் நிறைந்த ஊர். பேச்சு, சாப்பாடு, சாமி எதையாவது குறியாக வைத்துக்கொண்டு 'இவங்க நம்ம ஆளு இல்ல' என்பதை வாடகைக்கு வீடு தேடிய தமிழர் பலரும் கேட்டிருப்பார்கள். எங்கள் வட்டத்தில் இதைப் பேசும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடுவது இந்த இடத்தில்தான்.

## எங்கிருந்து தொடங்கலாம்?

'தி இன்வேடர்ஸ்' முதல் அத்தியாயம் 'பீச் ஹெட்' பாருங்கள். அப்புறம் 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' முதல் அத்தியாயம். இரண்டிலும் கடைசிப் பத்து நிமிடத்தில் ஆதாரத்துக்கு என்ன ஆகிறது என்று மட்டும் கவனியுங்கள். 'யூ.எஃப்.ஓ.' தொடரில் மகன் கதை வரும் அத்தியாயத்தின் பெயர் 'எ க்வெஸ்டியன் ஆஃப் ப்ரயாரிட்டீஸ்'. 'வி' என்றால் 1983 குறுந்தொடர் போதும். 1984-இல் தொடங்கிய வாராந்திரத் தொடரில் அந்தக் கூர்மை இல்லை.

ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. 'தி ஃபியூஜிடிவ்' தொடருக்கு முறையான இறுதி அத்தியாயம் இருந்தது. ஒற்றைக் கைக்காரன் அகப்பட்டான், மருத்துவர் விடுதலையானார். 'தி இன்வேடர்ஸ்' அப்படி முடியவில்லை. 1968 மார்ச்சில் ஒளிபரப்பு நின்றது, டேவிட் வின்சென்ட் அப்போதும் நிரூபித்திருக்கவில்லை. 1995-இல் வந்த குறுந்தொடரில் ராய் தின்னஸ் வயதான வின்சென்டாகச் சிறிது நேரம் வருகிறார், ஆனால் அதன் நாயகன் வேறு ஆள்.